கண்ணாடி அறையில் ஐந்து வாரம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. இருபதாவது வாரத்து ஸ்கேனில் பிள்ளை நன்றாக இருந்தது. பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுபோகிற நஞ்சுக்கொடிக்கு இரத்தம்தான் கொஞ்சம் இறுக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. இது இன்னும் இறுகினால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறலாம், பிள்ளை வளராமல் நிற்கலாம், நாள் நிறையும் முன்பே வெளியே எடுக்க வேண்டி வரலாம் என்றார் டாக்டர்.

2. அதே வாரம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி ஒன்பது. இருபதுக்கு மேலாவது இருக்க வேண்டும்.

3. என்ன வேலை பார்க்கிறாய் என்று டாக்டர் கேட்டார். வீட்டு மாடிகளில் சோலார் பலகை வைக்க வரைபடம் போடுகிற பொறியாளர் என்றேன். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

4. எனக்கும் மாமிக்கும் வெயில் விஷயத்தில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது.

5. ஐந்து வாரம், ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல், வெயிலில் உட்கார்ந்தேன்.

6. இருபத்தாறாவது வாரத்தில் மறுபடி பரிசோதித்தபோது வைட்டமின் டி எட்டு புள்ளி எட்டு.

இந்தப் பட்டியலில் ஒன்று குறைகிறது. அதற்கு உரிய இடம் வரும்போது சேர்த்துவிடுகிறேன்.

எங்கள் வீடு, அதாவது நான் வாழ்க்கைப்பட்ட வீடு, இராஜாக்கமங்கலத்திலிருந்து கடலுக்குப் போகிற வழியில் இருக்கிறது. தேங்காய், துணி, மிளகாய், கருவாடு என்று எல்லாம் காய்கிற ஊர். நான் மட்டும்தான் காயாமல் இருந்திருக்கிறேன். திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. காலை எட்டரைக்கு அறைக்குள் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வருவேன், மறுபடி உள்ளே. கணினித் திரையில் கூசாமலிருக்க ஜன்னலுக்கு இரட்டைத் திரைச்சீலை, அதற்கு மேல் ஏசி. அந்த அரையிருட்டில் உட்கார்ந்துகொண்டு மாவட்டம் முழுவதற்கும் வெயில் கணக்குப் போடுவேன். மயிலாடியில் ஒரு சிற்பக் கூடத்தின் கூரையில் பலகை வைத்தால் கல்தூசி படிந்து எவ்வளவு மின்சாரம் வீணாகும், தக்கலையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்துத் தென்னையின் நிழல் மார்கழியில் எதுவரை நீளும், எல்லாம் எனக்கு அத்துப்படி. சூரியன் எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்று எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நேரில் பார்த்து நாளாகியிருந்தது, அவ்வளவுதான்.

டாக்டர் நாகர்கோவிலில் இருக்கிறார். வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவராக இருக்க வேண்டும்; எதைச் சொன்னாலும் தண்ணீர் பாய்கிற கணக்கில்தான் சொல்வார். கரு உண்டான முதல் மாதங்களில் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் பற்றிப் பிடிக்கும்போது, அங்கே இருக்கிற இரத்தக் குழாய்கள் அகலப்பட வேண்டுமாம். மடை திறக்கிற மாதிரி. சிலருக்கு மடை பாதிதான் திறக்கும். அப்போது முதல் வயலுக்குத் தெரியாது, கடைமடை வயல்தான் காயும். கடைமடையில் இருப்பது என் பிள்ளை. என் அம்மாவுக்கு என்னைச் சுமந்தபோது இரத்த அழுத்தம் ஏறியிருந்ததால், மூன்றாவது மாதத்திலிருந்தே இதற்கென்று ஒரு சின்ன மாத்திரை எனக்குக் கொடுத்திருந்தார். அதை ஒரு நாளும் விட்டதில்லை.

இதில் வைட்டமின் டி எங்கே வருகிறது என்று கேட்டேன். எலும்புக்கு மட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நஞ்சுக்கொடியே அந்த வைட்டமினைத் தன் தேவைக்கு மாற்றி எடுத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். அது சரியாக வேர் பிடிப்பதிலும், தாயின் உடம்பு அதை வெளியாள் என்று விரட்டாமல் ஏற்றுக்கொள்வதிலும் வைட்டமினுக்குப் பங்கு இருக்கலாம் என்று எண்ணுகிறார்கள். குறைவாக இருக்கிற பெண்களிடம் இந்தக் கோளாறுகள் கூடுதலாகத் தென்படுகின்றன. ஆனால் கொடுத்தால் கோளாறு வராது என்று யாரும் இன்னும் அடித்துச் சொல்லவில்லை.

“குறைஞ்சதுனால மடை அடச்சுதா, ரெண்டுக்கும் பொதுவா வேற ஏதாவது காரணமா, எனக்குத் தெரியாதும்மா. தெரியும்னு சொல்றவங்க கிட்ட நீ போகவும் வேண்டாம். ஆனா ஒன்பது ரொம்பக் குறைவு. அத ஏத்தணும்.”

இவ்வளவு நேர்மையாக ஒருவர் பேசினால் எனக்குப் பிடித்துப்போகும். நோட்டில் எழுதிக்கொண்டேன்: தொடர்பு, உண்டு. காரணம், நிரூபணம் இல்லை. செய்ய வேண்டியது, ஏற்றுவது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மாமி எதையும் எழுதிக்கொள்ளவில்லை. கணவரின் அம்மாவான அவர் முப்பது வருடம் பால்வாடி டீச்சராக இருந்தவர். ஊரில் இன்று மீசை வைத்துத் திரிகிற பாதிப் பேரைத் தராசுத் தொட்டிலில் போட்டு எடை பார்த்தவர். எந்தக் கர்ப்பிணி எத்தனை கிலோ ஏறினாள் என்று இன்றும் நினைவிலிருந்து சொல்வார். இப்போது சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தலைவி. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜெபக் குறிப்புகளை வாசித்தார். விசா கிடைக்காத ஒரு தம்பிக்காகவும், முழங்கால் அறுவை செய்யப்போகிற ஓர் அக்காவுக்காகவும் வேண்டிக்கொண்ட பிறகு, நஞ்சுக்கொடியில் இரத்த ஓட்டம் குறைந்தும் வைட்டமின் டி ஒன்பதாக இறங்கியும் இருக்கிற ஒரு சகோதரிக்காக எல்லாரும் ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டார். பெயர் சொல்லவில்லை. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

மறுநாளிலிருந்து சாளை வரத் தொடங்கியது. சாளை மீனில் வைட்டமின் டி இருக்கிறது என்று யாரோ போனில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான், இருக்கிறது. முதல் நாள் மூன்று வீட்டிலிருந்து வந்தது. அடுத்த நாள் ஐந்து வீடு. பக்கத்து வீட்டு மதினி தன் பங்குக்கு நாட்டுக்கோழி முட்டையும் சேர்த்துக் கொண்டுவந்தார். எனக்கோ ஐந்தாவது மாதம் தாண்டியும் குமட்டல் நிற்கவில்லை. ஃபிரிட்ஜைத் திறக்க முடியாத நிலை. சாளை கொண்டுவந்த ஒவ்வொருவரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, நஞ்சுக்கொடியைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பெரும்பாலும் யாருக்கோ எங்கேயோ மோசமாக முடிந்த கதைகள். முடிவில் மட்டும், உனக்கு அப்படி ஒன்றும் ஆகாது, பயப்படாதே என்று சொல்வார்கள். அதுவரை பயப்படாதவள் அதற்குப் பிறகு பயப்பட ஆரம்பிப்பேன்.

மஸ்கட்டில் பாதுகாப்பு அதிகாரியாக வேலை பார்க்கிற என் கணவருக்கு வீடியோ அழைப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, சென்ற மாதம் கம்பெனியில் எல்லாருக்கும் பரிசோதனை நடந்தது, தனக்குப் பதினொன்று என்றார். பாலைவனத்தில் நாள் முழுவதும் நிற்கிற ஆள். ஆனால் தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டுதான் நிற்க வேண்டும். மூடாமல் நிற்கிறவனைப் பிடித்துத் திட்டுவதுதான் அவர் வேலையே. என்னைவிட இரண்டு கூடுதல் என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்ததாக எனக்குத் தோன்றியது.

இனி வெயில். என் வீட்டுக்கே நான் ஒரு நிழல் வரைபடம் போட்டேன். தெற்கே இரண்டு தென்னை, மேற்கே அயனி மரம், கிழக்கே மதினி வீட்டுத் தண்ணீர் தொட்டி. பத்து மணி முதல் ஒரு மணிவரை நிழலே விழாத இடம் ஒன்றே ஒன்று: மொட்டை மாடியின் நடுப்பகுதி. காலை ஆறரை மணி இளவெயில் போதாதா என்று மாமி கேட்டார். போதாது, சூரியன் சாய்ந்து நிற்கும்போது நமக்கு வேண்டிய கதிர் வந்து சேராது, முன்பகலோ மதியமோதான் வேண்டும் என்று விளக்கினேன். இந்த அளவுக்கு எனக்குத் தெரிந்திருந்தது என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

மாமிக்கு மொட்டை மாடி சம்மதமில்லை. சுற்றி நாலு வீடு. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அதை அவர் சுற்றி வளைத்துச் சொன்னார். முப்பது வருடம் கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுத்தவர், இரும்புச்சத்து மாத்திரையின் அருமையை வீடு வீடாகச் சொன்னவர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஊரோடு ஒத்துப்போயிருந்தார்.

“உச்சி வெயில்ல நீ இருந்து, பிள்ள கறுத்துப் போச்சுன்னா நாளைக்கு எல்லாரும் என்னயில்லா சொல்லுவாவ.”

பிள்ளையின் நிறம் என் வெயிலால் மாறாது என்று சொல்லிப் பார்த்தேன். அது தனக்கும் தெரியும், தெரியாதது சாளை கொண்டுவருகிறவர்களுக்குத்தான் என்றார். இரண்டு நாள் பேச்சு வார்த்தைக்குப் பிறகு உடன்படிக்கை ஏற்பட்டது. இடம்: மாடி முன்பக்கத்துக் கண்ணாடி அறை. என் கணவர் முதல் விடுமுறையில் வந்தபோது, கடற்காற்றில் மண் உள்ளே வராமலிருக்க, பால்கனியை முழுக்கக் கண்ணாடி போட்டு அடைத்திருந்தார். தெற்குப் பார்த்த அறை. வெளிச்சம் வெள்ளமாக வரும், வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் செடித் தொட்டிதான் தெரியும். நேரம்: பதினொன்று. உடை: கையில்லாத நைட்டி, முழங்கால்வரை மடித்து. காவல்: மாமி, கதவுக்கு வெளியே நாற்காலியில்.

கண்ணாடிக்குள் இருந்தால் வேலைக்காகுமா என்ற கேள்வியை நான் எழுப்பாமல் இல்லை. எழுப்பி, பதிலும் சொல்லிக்கொண்டேன். நான் நாள்தோறும் கையாளுகிற சோலார் பலகையின் மேல் இருப்பது கண்ணாடிதான். இருபத்தைந்து வருடம் கண்ணாடிக்குக் கீழே கிடந்துதான் அது மின்சாரம் தருகிறது. கண்ணாடியால் ஏற்படும் இழப்பு மிகக் குறைவு. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க, கம்பெனி கொடுத்திருந்த வெயில் அளக்கிற மீட்டரை அறைக்குள் வைத்துப் பார்த்தேன். அருமையான அளவு காட்டியது. இழப்பை ஈடுகட்ட இருபது நிமிடத்தை இருபத்திரண்டாக உயர்த்தினேன்.

அந்த இரண்டு நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சூடாகிறது.

ஐந்து வாரமும் கணினியில் அட்டவணை எழுதினேன். தேதி, தொடங்கிய நேரம், நிமிடம், மேகம், உடம்பில் வெயில் பட்ட பகுதி. கண்ணாடி அறை பதினொரு மணிக்கு அப்பளம் பொரிக்கிற சூட்டில் இருக்கும். வியர்வை ஆறாக ஓடும். அதையும் தனிக் கட்டத்தில் எழுதினேன், நல்ல அறிகுறி என்று. உட்காருவதற்கு முன் மாமி என் காலுக்கும் கைக்கும் தேங்காய் எண்ணெய் தடவி விடுவார், கால் வீங்குகிறதே என்று. பதினோராவது நிமிடத்தில் கதவுக்கு வெளியிலிருந்து குரல் வரும்.

“மறுபக்கம் திரும்பு மக்ளே. இந்தப் பக்கம் ஆச்சு.”

கொப்பரை காயப்போட்டுப் பழகிய குரல் அது. நானும் திரும்பி உட்காருவேன்.

மூன்றாவது வாரத்தில் மாமி என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு பொட்டுகூடக் கறுக்கவில்லை என்று சந்தோஷப்பட்டார். மஸ்கட்டிலிருந்து வந்த குங்குமப்பூவின் மகிமை என்றார். நானும் என் கையைப் பார்த்தேன். உண்மைதான், கறுக்கவில்லை. அட்டவணையில் ‘பக்க விளைவு: இல்லை’ என்று எழுதினேன். பொறியியல் படித்த ஒருத்தி இந்த இடத்திலாவது நின்று யோசித்திருக்க வேண்டும்.

இருபத்தாறாவது வாரத்தில் டாக்டர் அறையில் நானும் மாமியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இரத்த அழுத்தம் பார்த்தார்கள். போன தடவையைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தது. எல்லையைத் தாண்டவில்லை, எல்லைப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. டாக்டர் முடிவுத்தாளை எடுத்து, எட்டு புள்ளி எட்டு என்று படித்து, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். நான் என் அட்டவணையை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். நாலு பக்கம், வண்ணத்தில். அதை வாங்கி முதல் பக்கத்தை நிதானமாகப் படித்தார்.

“இருபத்திரெண்டு நிமிஷம். சரி. எங்க இருந்தே?”

கண்ணாடி அறையில் என்றேன். கதவு ஜன்னல் திறந்திருக்குமா என்றார். காற்றில் மண் வரும், மூடித்தான் இருக்கும் என்றேன்.

டாக்டர் நாலு பக்கத்தையும் அழகாக அடுக்கி மேசையின் ஓரத்தில் வைத்தார். கண்ணாடி வழியாக வெளிச்சம் வரும், சூடு வரும், வியர்வை வரும், வைட்டமின் டி-யை உண்டாக்குகிற கதிர் மட்டும் வராது, அதைக் கண்ணாடி பிடித்து வைத்துக்கொள்ளும் என்று விளக்கினார். நான் சோலார் பலகையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். எடுத்த வாயை மூடிக்கொண்டேன். பலகைக்கு வேண்டிய வெளிச்சம் வேறு, தோலுக்கு வேண்டிய கதிர் வேறு. மீட்டர் பொய் சொல்லவில்லை. நான் ஒரு பலகையாக இருந்திருந்தால் அந்த ஐந்து வாரமும் தினம் ஒரு தேங்காய்ச் சட்னிக்கு மிக்சி ஓடியிருக்கும்.

டாக்டர் அதோடு நிற்கவில்லை.

“வெயில விடு. நான் எழுதிக் கொடுத்த பவுடரு? வாரத்துக்கு ஒண்ணு. அத எடுத்திருந்தா இவ்வளவு கீழ நிக்காதே.”

பட்டியலில் குறைந்தது இதுதான். 3-அ என்று சேர்த்துக்கொள்ளலாம்: டாக்டர் வைட்டமின் டி பவுடர் எழுதிக் கொடுத்தார். முதல் பொட்டலத்தைப் பாலில் கலந்து குடித்தேன். ஐந்தே நிமிடத்தில் வாந்தி. மீதிப் பொட்டலங்களை நான் வாங்கவே இல்லை. சீட்டை மடித்துப் போன் உறைக்குள் வைத்தேன். குமட்டல் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பட்டியலுக்கே அர்த்தமில்லை. டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தது எனக்கு உறைத்திருந்தது. மாவட்டத்துக்கே வெயில் கணக்குப் போடுகிறவள் தன் வெயிலைக் கடையில் பொட்டலமாக வாங்குவதா என்று இருந்தது. சூரியனிலிருந்தே ஒன்பதை முப்பதாக்கிக் காட்டி, அட்டவணையை அவர் மேசையில் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மேசையில் வைத்தது மட்டும் நடந்தது.

எடுக்கவில்லை, சீட்டு போன் உறைக்குள்தான் இருக்கிறது என்று சொன்னேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. இரண்டு வாரம் கழித்து அடுத்த ஸ்கேன் இருந்தது. மடை இன்னும் இறுகியிருந்தால் என்ன ஆகும் என்பது எனக்கு மனப்பாடம். முதல் எண்ணிலேயே எழுதியிருக்கிறேன். டாக்டர் திட்டவில்லை. குமட்டல் என்றால் போன் பண்ணியிருக்கலாமே, வேறு மாதிரி கொடுத்திருப்பேனே என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பவுடருக்குப் பதில் குளிகை எழுதினார். பாலோடு வேண்டாம், மதியம் வயிறு நிறைய மீன்குழம்புச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு விழுங்கு என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மாமி வெகுநேரம் பேசவில்லை. மாமி பேசாமல் வருவது எங்கள் குடும்பத்தில் அபூர்வம். ஆட்டோக்காரரே இரண்டு தடவை கண்ணாடியில் பின்னால் பார்த்தார். டவுன் நெரிசல் முடிந்து இரண்டு பக்கமும் தென்னை வந்த பிறகு கேட்டார்.

“அந்தச் சீட்டு இப்பவும் போன் உறைக்குள்ளதான் இருக்கா?”

ஆமாம் என்றேன்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா மக்ளே.”

சொல்லியிருக்கலாம் என்றேன். கொஞ்ச தூரம் போயிற்று. மாமி சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார், கைப்பையைத் திறந்தார், மூடினார். அறுபத்திரண்டு வயதில் அவர் முகத்தில் பால்வாடிப் பிள்ளைகளுக்கு உரிய ஒரு முழி இருந்தது.

“நானும் ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது, கேட்டியா. அந்தத் தேங்காண்ணெயில, ஒம் மாப்ள வெயிலுக்குத் தேய்க்கணும்னு கொண்டுவந்து போட்டிருந்த கிரீம் இல்லியா, அதக் கலந்துதான் தேச்சேன்.”

தினமுமா என்று கேட்டேன்.

“ஞாயித்துக்கிழம கொஞ்சம் கூடுதலா.”

எனக்கு மனதுக்குள் ஒரு வரைபடம் ஓடியது. சூரியன். அதற்குக் கீழே கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே கிரீம். கிரீமுக்குக் கீழே நான். என் போன் உறைக்குள்ளே, வாங்காத பவுடர். எந்த மின் இணைப்பிலும் இத்தனை தடை ஒரே வரிசையில் வைத்து நான் பார்த்ததில்லை. பொறியாளர் ஒருத்தி திட்டம் போட்டு, பால்வாடி டீச்சர் ஒருத்தர் மேற்பார்வை பார்த்து, ஐந்து வாரம் ஒரு கதிர்கூட உள்ளே போகாமல் காத்திருக்கிறோம். சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மாமி முதலில் பயந்தார், பிறகு அவரும் சேர்ந்துகொண்டார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பினால் மட்டும் வந்ததில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கும் அப்படித்தான்.

“பிள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா...” என்று தொடங்கினார். முடிக்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆட்டோ வீட்டு வாசலில் நின்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் இறங்கினோம்.

புதிய உடன்படிக்கை மறுநாளே அமலுக்கு வந்தது. இடம்: மொட்டை மாடியின் நடுப்பகுதி. மறைப்பு: மூன்று பக்கமும் கொடியில் போர்வைகள். எண்ணெய்: மாமி என் கண் முன்னே பாட்டிலைத் திறந்து முகர்ந்து காட்டிய பிறகு. குளிகை: மதியச் சோற்றுக்கும் சாளைப் புளிமுளக் குழம்புக்கும் பிறகு, மாமியின் கையால், நான் விழுங்கி வாயைத் திறந்து காட்ட வேண்டும். பால்வாடியில் பூச்சி மாத்திரை கொடுத்த முறை அது. ஆச்சரியம் என்னவென்றால் அந்தக் குழம்போடு எனக்குக் குமட்டவே இல்லை. ஐந்து மாதமாகக் குமட்டியது பால்தான், அதிலும் குங்குமப்பூப் பால்தான் என்று அப்போது தெரிந்தது. அதை மஸ்கட்டுக்குச் சொல்லவில்லை.

போர்வை மறைப்பு நாலு நாள்தான் தாங்கியது. ஐந்தாம் நாள் கடற்காற்று ஒரு போர்வையைக் கொண்டுபோய் அயனி மரத்தில் போட்டது. அந்தப் பக்கம் தன் வீட்டு மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த மதினி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நைட்டி முழங்காலில், கை இரண்டும் விரித்தபடி. கீழே இருப்பவர்களையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரிப்பார் என்று நினைத்தேன். மிளகாயைப் பரப்பி முடித்துவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் பதினொரு மணிக்கு மிளகாய்க்குப் பக்கத்தில் ஒரு பாயை விரித்து, சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக்கொண்டு, அவரும் உட்கார்ந்தார். இரண்டு வருடமாக இடுப்பு வலி, தனக்கும் ஒன்பதாகத்தான் இருக்கும் என்று மாடிக்கு மாடி சொன்னார். பரிசோதனை செய்து பார்க்கச் சொன்னேன். முதலில் வெயில், அது முடியாவிட்டால் பரிசோதனை என்றார். இந்தக் கொள்கையின் ஆபத்தை என்னைவிட விளக்கத் தகுதியானவர் யாருமில்லை, விளக்கினேன். அடுத்த வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பதினான்கு.

இருபத்தெட்டாவது வாரத்து ஸ்கேன் அன்று மாமி உள்ளே வரவில்லை. வெளியே பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டார். ஸ்கேன் பார்க்கிற டாக்டர் கருவியை வயிற்றில் மெல்ல நகர்த்தினார். திரையில் என் இரத்தம் மலை மலையாக ஏறி இறங்கியது. மலைக்கு நடுவே ஒரு பள்ளம் விழக்கூடாது என்று படித்திருந்தேன். பள்ளத்தைத் தேடிக்கொண்டே இருந்தேன். அந்தப் பதினைந்து நிமிடத்தில் எனக்கு எந்தப் பட்டியலும் தோன்றவில்லை.

கருப்பைக்கு இரத்தம் கொண்டுபோகிற இரண்டு குழாய்களில் இடது பக்கத்தது இறுக்கம் நன்றாக விட்டிருந்தது. வலது பக்கம் முன்பு போலவே இறுக்கம், கூடவில்லை. பிள்ளை சின்னது, ஆனால் வளர்ச்சி வரைபடத்தில் தன் கோட்டிலேயே வளர்கிறது. வெளியே வந்து சொன்னபோது மாமி முதலில் எடை எத்தனை என்றுதான் கேட்டார். சொன்னேன். மனதுக்குள் தன் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, ஆகட்டும் என்றார்.

இது வைட்டமின் டி-யால் நடந்ததா என்று என் டாக்டரிடம் கேட்டேன். இரண்டு வாரக் குளிகையால் என்று தான் சொல்ல மாட்டேன், மூன்றாம் மாதத்திலிருந்து எடுத்த சின்ன மாத்திரையாக இருக்கலாம், மடை தானாகவே தாமதமாகத் திறந்ததாகவும் இருக்கலாம் என்றார். ஊரில் இந்த ஐயம் எதுவும் இல்லை. மாமிக்கு ஜெபம். கணவருக்குக் குங்குமப்பூ. சாளை கொண்டுவந்த எட்டு வீட்டுக்கும் சாளை. மதினிக்கு முட்டை. யாரையும் நான் மறுக்கவில்லை. என் நோட்டில் காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

இன்றைய நிலை. முப்பத்துமூன்றாவது வாரம் நடக்கிறது. வைட்டமின் டி இருபத்துநாலு. இரத்த அழுத்தம் எல்லைக்குள் இருக்கிறது. நாள்தோறும் இரண்டு வேளை மாமி பார்த்து எழுதுகிறார், என் அட்டவணையில் இல்லை, தன் பழைய பால்வாடிப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில். வலது பக்கக் குழாய் இன்னும் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கிறது. பிள்ளை அசைகிறது, மதியக் குழம்புக்குப் பிறகு அதிகமாக. முப்பத்தேழு வாரம்வரை போனால் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்னும் நாலு வாரம் இருக்கிறது. கண்ணாடி அறையில் இப்போது நெத்திலி காய்கிறது.